பழைய ராணுவ லாரிக்குச் சரியான பாகம்: தேடத் தெரிந்தவருக்குத் தொழில் உண்டு

பழைய ராணுவ லாரி ஒன்றைப் பிரித்துப் போட ஒரு வாரம் போதும். அதைத் திரும்பப் பூட்டி ஓடவிட ஆண்டுக்கணக்கில் ஆகிறது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி பாகம் தேடுவதிலேயே போகிறது. வெல்டர், பெயின்டர், மெக்கானிக் எல்லா ஊரிலும் கிடைக்கிறார்கள். ‘இந்த வண்டிக்கு, இந்த இடத்துக்கு, இந்தப் பாகம்தான்’ என்று உறுதியாகச் சொல்லி அதைக் கொண்டுவந்து சேர்க்கும் ஆள்தான் கிடைப்பதில்லை. பழைய வண்டி சேகரிப்பவர்கள், சினிமாவுக்கு வண்டி வாடகைக்கு விடுபவர்கள், சுற்றுலா விடுதிக்காரர்கள், எஸ்டேட் உரிமையாளர்கள் எல்லோரும் தேடுவது அந்த ஆளைத்தான்.

ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த இளைஞர்களுக்கு இது நல்ல தொழில் என்று உறுதியாகச் சொல்வேன். போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர், கணியம்பாடி என எந்தப் பக்கம் இறங்கினாலும் சென்னையின் ஸ்பேர் கடைகளுக்கும் பெங்களூருவுக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். வேலூர் வட்டாரம் தலைமுறைகளாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் மண். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. இந்த வண்டிகளை ஓட்டியவர்களும், ராணுவத்தின் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.யில் அவற்றைக் கழற்றிப் பூட்டியவர்களும் ஓய்வுபெற்று இந்த ஊர்களில் இருக்கிறார்கள். பழைய எந்திரத்தைக் கைவிடாமல் ஓட்டுவதும் மலைக்குப் புதிதல்ல. இம்மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1972-ல் நிறுவிய 1 மீட்டர் கார்ல் சைஸ் தொலைநோக்கி அரை நூற்றாண்டு தாண்டியும் வேலை செய்கிறது.

தொழிலின் அடிப்படை விதி ஒன்றுதான்: பெயரைச் சொல்லிப் பாகம் தேடாதீர்கள். எண்ணையும் அளவையும் சொல்லித் தேடுங்கள். கீழே வருவதெல்லாம் அந்த விதியின் விரிவு.

1. முதலில் வண்டி எது என்று முடிவு செய்யுங்கள்

நம் பக்கம் கண்ணில் படக்கூடிய வண்டிகள் சில குடும்பங்களுக்குள் அடங்கும்.

சக்திமான்: ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமத்தில் ஜபல்பூரில் தயாரான லாரி. 1950-களின் இறுதியில் தொடங்கி 1996 வரை வந்தது. நெடுங்காலம் இந்திய ராணுவத்தின் சுமையைச் சுமந்தது இதுதான்.

ஜோங்காவும் ஒரு டன் நிசானும்: இரண்டும் ஜப்பானிய நிசான் வடிவங்கள், இரண்டும் ஜபல்பூர் தயாரிப்பு. 3,956 சிசி ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் இரண்டுக்கும் பொது. ஆகவே ஒன்றின் என்ஜின் பாகம் இன்னொன்றுக்கு உதவ வாய்ப்பு அதிகம். ஏலத்தில் எடுத்தவர்கள் டீசல் என்ஜின் மாற்றி வைத்த ஜோங்காக்களும் உண்டு. பானெட்டைத் திறந்து பார்க்காமல் பாகத்தின் விலை பேசாதீர்கள்.

ஜீப்: இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ., பிறகு மஹிந்திரா தயாரித்த சிஜே-3பி. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இவற்றுக்குள் என்ஜினே வேறு. போர்க்கால ஜீப்பில் இருப்பது பக்கவாட்டு வால்வு கொண்ட எல்-134. சிஜே-3பியில் இருப்பது எஃப்-134.

போர்க்கால லாரிகள்: கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் ஒரே மாதிரி முகத்துடன் கட்டிய சி.எம்.பி. லாரிகளும், அமெரிக்காவின் ஜி.எம்.சி., டாட்ஜ் வண்டிகளும். பர்மா போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்து, போருக்குப் பின் இங்கேயே தங்கிவிட்டவை பல.

சி.எம்.பி. லாரியைப் பாருங்கள். கேபின் ஒன்றுதான். உள்ளே ஃபோர்டு என்றால் வி-8, செவர்லே என்றால் வரிசை ஆறு சிலிண்டர். ஜி.எம்.சி.யின் இரண்டரை டன் லாரியில் இன்னும் நுட்பமான சிக்கல் இருக்கிறது. மாடல் பெயர் ஒன்று, தயாரித்த நிறுவனம் ஒன்று, ஆனால் சில வண்டிகளில் நடுவில் பிளந்து போல்ட் போட்ட டிம்கன் ஆக்ஸில், மற்றவற்றில் பாஞ்சோ வகை ஆக்ஸில். ஒன்றின் டிஃபரன்ஷியல் பாகம் மற்றதில் ஏறாது. ‘ஜி.எம்.சி. கிரவுன் பினியன் வேண்டும்’ என்று கேட்டு முன்பணம் அனுப்பியவருக்கு, பெட்டி வந்த பிறகுதான் இது தெரியவரும்.

வண்டியின் உடம்பே சாட்சி சொல்லும். டேஷ்போர்டில் உள்ள தகவல் தகடு, சேசிஸில் குத்திய எண், என்ஜின் பிளாக்கில் குத்திய எண் மூன்றையும் புகைப்படம் எடுங்கள். பெயின்ட் மூடியிருந்தால் உளி போட்டுச் சுரண்டாதீர்கள். தின்னர் தொட்ட துணியால் கரைத்து எடுங்கள். இந்திய ராணுவ எண் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கம் அந்த வண்டி ராணுவத்தில் சேர்ந்த ஆண்டு. பழைய பம்பரில் அந்த எண்ணின் தடம் தெரிந்தால் வண்டியின் வயது கையில் வந்துவிடும்.

போர்க்கால ஜீப்பில் இன்னொரு அடையாளம் உண்டு. ரேடியேட்டருக்குக் கீழே குறுக்கே போகும் முன்பக்கச் சட்டம் குழாய்போல உருண்டையாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த ‘யு’ வடிவப் பட்டிபோல இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் பாகங்களிலும் போல்ட் தலைகளிலும்கூட ‘எஃப்’ என்ற எழுத்தைப் பதித்தது. துரு நீக்கிய போல்ட் தலையில் அந்தச் சின்ன எழுத்து தெரிந்தால் அதைத் தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். அசல் ஃபோர்டு ஜீப்பை மீட்பவருக்கு அந்த ஒரு போல்ட் புது போல்ட் பெட்டியைவிட மதிப்புள்ளது.

2. அளவெடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதுப்பேட்டையில் போய், ‘ஜோங்காவுக்கு ஆயில் சீல் இருக்குதாண்ணே?’ என்று கேளுங்கள். ‘இருக்குது தம்பி’ என்று நான்கை எடுத்துப் போடுவார். நான்கும் நெருங்கி வரும், ஒன்றும் பொருந்தாது. ‘40, 62, 10, டபுள் லிப் வேணும்ணே’ என்று கேட்டால் தட்டிலிருந்து ஒன்றுதான் இறங்கும். ஷாஃப்ட்டின் விட்டம், உட்காரும் குழியின் விட்டம், தடிமன் மூன்றும் மில்லிமீட்டரில் தெரிந்தால் போதும். எந்த வண்டி என்றே அவர் கேட்கமாட்டார்.

ஷாஃப்ட்டை அளக்கும்போது பழைய சீல் தேய்த்த பள்ளத்தில் வெர்னியரை வைக்கக் கூடாது. அதற்குச் சற்றுத் தள்ளித் தேயாத இடத்தில் வையுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் புது சீல் போட்டும் ஆயில் கசியும். அங்கே ஸ்லீவ் போட வேண்டும்.

பேரிங் எண் தனி மொழி. 6308 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள் விட்டம் 40 மி.மீ. வெளி விட்டம் 90, அகலம் 23. உலகம் முழுக்க இதே அளவுதான். எந்தக் கம்பெனி பேரிங்கும் இந்த எண்ணில் பொருந்தும். அமெரிக்க வண்டிகளில் அங்குல அளவு டேப்பர் பேரிங் இருக்கும். உள் கோனுக்கு ஓர் எண், வெளிக் கப்புக்கு ஓர் எண். வில்லிஸ் ஜீப்பின் சக்கர பேரிங் 18590, அதன் கப் 18520. எண்பது ஆண்டுப் பழமையான வண்டிக்கு இந்த எண்ணைச் சொன்னால் இன்றும் பேரிங் கடையில் புதிதாகக் கிடைக்கும். ‘பழைய வண்டி, பாகம் கிடைக்காது’ என்று வண்டிக்காரர் கைவிட்ட இடத்தில் உங்கள் மதிப்பு உயர்வது இப்படித்தான்.

மரை விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஜெர்மானிய, ஜப்பானிய வழி வந்தவை மெட்ரிக். அமெரிக்க வண்டிகள் அங்குலம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் அல்லது பி.எஸ்.எஃப். வரும். அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, கோணம் 55 டிகிரி. அதே அரை அங்குல அமெரிக்க யு.என்.சி. போல்ட்டில் 13 மரை, கோணம் 60 டிகிரி. தப்பான நட் கையால் இரண்டு சுற்று ஏறிவிடும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரை மாட்டி இழுத்தால் எண்பது ஆண்டு தாங்கிய ஹவுசிங்கின் மரை போய்விடும். மரை கேஜ் வாங்க சில நூறு ரூபாய்தான் ஆகும். அது சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

என்ஜின் பாகம் வாங்கும் முன் மைக்ரோமீட்டர் போடுங்கள். கிராங்க் ஏற்கெனவே கிரைண்ட் செய்யப்பட்டிருக்கலாம். அங்குல வண்டி என்றால் பத்து, இருபது, முப்பது தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று அண்டர்சைஸ் போகும். மெட்ரிக் என்றால் 0.25 மி.மீ. படியில் போகும். ஸ்டாண்டர்டு பேரிங் செட்டை ‘அசல் பெட்டி’ என்று ஆசையாக வாங்கினால் அலமாரியில்தான் இருக்கும்.

3. பாக எண்ணைத் தேடுங்கள்

ராணுவ வண்டியின் பெரிய வசதி, எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து வைத்திருப்பது. அமெரிக்கப் படை தன் வண்டிகளைக் குழு எண்ணால் பிரித்தது: ஜீப்புக்கு ஜி-503, முக்கால் டன் டாட்ஜுக்கு ஜி-502, ஜி.எம்.சி. இரண்டரை டன்னுக்கு ஜி-508. வெளிநாட்டு வியாபாரியிடம் இந்த எண்ணைச் சொன்னால் பேச்சு சுருங்கும். ஜீப்பின் ராணுவப் பராமரிப்புக் கையேடு டி.எம். 9-803. அதன் மறுபதிப்பு எளிதாகக் கிடைக்கிறது.

போருக்குப் பிந்தைய நேட்டோ நாட்டுப் பாகங்களில் 13 இலக்க ஸ்டாக் எண் இருக்கும். முதல் நான்கு பாகத்தின் வகை: 2530 என்றால் பிரேக், ஸ்டீயரிங், ஆக்ஸில், சக்கரம். 3110 என்றால் பேரிங். அடுத்த இரண்டு எண் கொடுத்த நாடு: 12 ஜெர்மனி, 99 பிரிட்டன். பழைய அமெரிக்கப் பெட்டியில் 11 இலக்கமே இருந்தால் கலங்காதீர்கள். நாட்டு எண் சேர்வதற்கு முந்தைய முறை அது.

பாகத்திலேயே வார்ப்பில் எழும்பி நிற்கும் எண் வேறு, பாக எண் வேறு. ஒரே வார்ப்பை இரண்டு விதமாகக் கடைந்து இரண்டு பாகமாக்கியிருப்பார்கள். இரண்டு எண்ணையும் குறித்துவிட்டு, அளவையும் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

4. எங்கே, எந்த வரிசையில் தேடுவது

முதலில் புதுப் பாகக் கடை. பேரிங், சீல், ஹோஸ், பெல்ட், நட்டு போல்ட் எல்லாம் அளவு சொன்னால் கிடைப்பவை. இவற்றைப் பழைய மார்க்கெட்டில் தேடுவது வீண். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் ஒரு நாள் போதும்.

இரண்டாவது, பழைய பாக மார்க்கெட். சென்னை புதுப்பேட்டை நாம் அறிந்தது. ஜீப்புக்கும் ராணுவ ஏல வண்டிப் பாகத்துக்கும் வடக்கே பஞ்சாப், ஹரியானா எல்லையில் உள்ள மண்டி தப்வாலி பெயர் பெற்றது. தொலைபேசியில் பேசி வாங்கும்போது பாகத்தின் மேல் ஸ்கேலை வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மூன்றாவது, ஏலம். ராணுவம் கழித்துக்கட்டும் வண்டிகளும் பொருள்களும் மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணைய ஏலத்தில் வருகின்றன. பதிவு செய்து, முன்வைப்புத் தொகை கட்டி, கேட்கலாம். ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்பதுதான் நிபந்தனை. எடுத்த பிறகு குறை சொல்ல முடியாது. ஏலத்துக்கு முன் பார்வையிட அனுமதிக்கும் நாளில் டார்ச்சும் வெர்னியரும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பாகத்துக்காக ஒரு வண்டியையே எடுப்பது பல நேரம் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு.

நான்காவது, மனிதர்கள். இ.எம்.இ. பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் அரை நாள் உட்காருங்கள். ‘ஐயா, சக்திமான் கியர்பாக்ஸ் கழற்றினால் முதலில் எது தேய்ந்திருக்கும்?’ என்று கேளுங்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத பதில் கிடைக்கும். அவரைக் கூப்பிட்டு வேலை பார்த்தால் அதற்குச் சம்பளம் கொடுங்கள். அனுபவத்தை ஓசியில் வாங்கும் பட்டறை நிலைக்காது.

5. கிடைக்காத பாகத்தைச் செய்ய வைப்பது

தேடி முடித்த பிறகுதான் செய்ய வைக்கும் யோசனை. கோயம்புத்தூரில் ஃபவுண்டரி, பேட்டர்ன் கடை, கியர் வெட்டும் பட்டறை எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. சென்னையில் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகள் உண்டு.

வார்ப்புப் பாகத்தில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பழைய பாகத்தையே மண்ணில் அழுத்தி அச்செடுத்தால் புதுப் பாகம் சின்னதாக வரும். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். 300 மி.மீ. நீளமுள்ள மூடி 297-ல் நிற்கும், போல்ட் துளை எதுவும் சேராது. அலுமினியம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும். சுருக்கத்துக்கும் கடைசலுக்கும் சேர்த்துப் பெரிதாகச் செய்த பேட்டர்ன் தேவை என்று ஃபவுண்டரியில் முதலிலேயே பேசுங்கள்.

கியர், ஆக்ஸில் ஷாஃப்ட், கிங் பின் போன்றவற்றில் வடிவம் மட்டும் போதாது. உடைந்த பழைய துண்டை ஸ்பெக்ட்ரோ சோதனைக்குக் கொடுத்து என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மேற்பரப்பின் கடினத்தன்மையையும் ராக்வெல் கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட் ட்ரீட்மென்ட் இல்லாத கியர் அழகாகப் பூட்டிக்கொள்ளும், முதல் மலையேற்றத்தில் பல் உதிரும்.

6. மலைப்பாதை மன்னிக்காத பாகங்கள்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறி இறங்கும் பாதையில் சுமையுள்ள லாரிக்குப் பிரேக்தான் உயிர். பிரேக், ஸ்டீயரிங் இரண்டிலும் ‘ஓரளவு பொருந்துகிறது’ என்ற பாகத்துக்கு இடமே கிடையாது. எத்தனை ஆண்டு அலமாரியில் கிடந்தது என்று தெரியாத ரப்பர் கப்பை, பெட்டி பிரிக்காததாக இருந்தாலும் போடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரைத் தேவையானால் ஸ்லீவ் போட்டு அதே விட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரிய விட்டத்துக்குக் கடைந்தால் மிதிக்கும் பலமே மாறிவிடும்.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதக் கூடாது. நனைத்துத் துடைத்து, மாஸ்க் போட்டு, பையில் கட்டி அகற்றுங்கள்.

போர்க்கால ஜீப்பிலும் சில லாரிகளிலும் இரண்டு பாதியாகப் பிரிந்து போல்ட்டால் சேர்ந்த ரிம் இருக்கும். டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பறக்கும், உயிர் போகும். வால்வு ஊசியை எடுத்து, காற்று முழுக்க இறங்கியதைப் பார்த்த பிறகே ஸ்பேனர். பட்டறையில் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது இது.

டயரிலும் கவனம். ஜீப்பின் 6.00-16 அளவு டிராக்டர் முன்சக்கரத்துக்கும் வருகிறது, விலையும் குறைவு. ஆனால் பக்கச்சுவரில் ஏ6 என்றிருந்தால் மணிக்கு 30 கி.மீ., ஏ8 என்றால் 40 கி.மீ. வேகத்துக்கு மட்டுமே அது செய்யப்பட்டது. ரோட்டில் ஓடும் ஜீப்புக்கு அது கூடாது.

மின்சாரம்: போர்க்கால ஜீப் 6 வோல்ட். பின்னால் வந்த ராணுவ வண்டிகள் பலவற்றில் 24. பல்பு முதல் செல்ஃப் மோட்டார் வரை வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

7. காகிதமும் சட்டமும்

பச்சை நிறம் அடிப்பதற்கு முன் நில்லுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி பாதுகாப்புத் துறை வாகனம் தவிர வேறெந்த வாகனமும் ஆலிவ் பச்சை நிறத்தில் இருக்கக் கூடாது. ராணுவ அம்புக்குறி எண்ணையும் ரோட்டில் மாட்டக் கூடாது. வாடிக்கையாளர் கேட்டாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது உங்கள் கடமை.

2021 ஜூலையில் வந்த விதித்திருத்தம் 50 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை தந்தது. பதிவெண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். அந்த வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. வாடகைக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. இது சொந்த உபயோக இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை மனதில் வைத்து எழுதிய விதி. லாரி என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள். சரியான பாகம் சட்டத்துக்கும் தேவை என்பதை வாடிக்கையாளருக்கு இந்த விதியைக் காட்டியே விளக்கலாம்.

ஏல ரசீது, விடுவிப்புக் கடிதம், என்ஜின் எண், சேசிஸ் எண் நான்கும் ஒத்துப்போகாத வண்டிக்குப் பாகம் தேடிக் கொடுக்காதீர்கள்.

8. தொழிலாக எப்படித் தொடங்குவது

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக், ஃபிட்டர், டர்னர் மூன்றும் இரண்டு ஆண்டுப் படிப்பு. டீசல் மெக்கானிக் ஓராண்டு. இந்தத் தொழிலுக்கு ஃபிட்டர் அல்லது டர்னர் படித்தவருக்குக் கூடுதல் பலம் உண்டு, ஏனென்றால் அளவெடுப்பதுதான் இதன் உயிர்நாடி. ஒரு லாரிப் பட்டறையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து கழற்றவும் பூட்டவும் கை பழகுங்கள்.

கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தைப் போய்ப் பாருங்கள். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் எல்லோருக்கும் பொது. சாதிச் சான்றிதழ் உள்ள, இம்மலையின் மலையாளி பழங்குடி இளைஞர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு.

கூலியை இரண்டாகப் பிரியுங்கள். பாகத்தை அடையாளம் கண்டு அளவுத்தாள் தயாரிக்க ஒரு கட்டணம், வாங்கித் தர ஒரு கமிஷன். கடை ரசீதை வாடிக்கையாளரிடம் அப்படியே கொடுங்கள். மறைத்து லாபம் வைப்பவரை ஒருமுறை கண்டுபிடித்தால் இந்தச் சின்ன வட்டாரத்தில் அடுத்த அழைப்பு வராது. அசல், பழைய அசல், புது மறுதயாரிப்பு, உள்ளூரில் கடைந்தது என்ற நான்கில் எது என்பதை ஒவ்வொரு பாகத்துக்கும் பில்லிலேயே எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் பதிவேடு. ஒரு பக்கத்தில் ஒரு பாகம்: வண்டி, எண், மூன்று அளவு, மரை, படம், எங்கே கிடைத்தது, என்ன விலை, பொருந்தியதா இல்லையா. பொருந்தாததையும் எழுதுங்கள், அடுத்த முறை அந்தச் செலவு மிச்சம். சில வண்டிகள் முடிந்ததும் அந்தப் பதிவேடு கடைச் சரக்கைவிடப் பெரிய முதலாகிவிடும்.

இந்த வாரமே தொடங்கலாம். பக்கத்துப் பட்டறையில் கழற்றிப் போட்ட ஒரு சக்கர ஹப்பைக் கேட்டு வாங்குங்கள். பேரிங், சீல், போல்ட் ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, எண் படித்து, அளவெடுத்து, ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், பழைய பாகம் கையில் வேண்டாம். வாங்கி வந்தது முதல் முறையே பொருந்தி உட்கார்ந்தால் நீங்கள் அடுத்த வண்டிக்குத் தயார். பொருந்தாவிட்டால் எந்த அளவு தப்பியது என்று பார்த்து, தாளைத் திருத்தி, மறுபடியும் போங்கள்.